உப்புக்காற்று ஊரில் பிஹெச் மீட்டர்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

கடலூர் முதுநகரில் தண்ணீர் பரிசோதிக்கும் சின்ன லேப் எங்களுடையது. போர் தண்ணீர், ஆர்.ஓ. கேன் தண்ணீர், இறால் குட்டைத் தண்ணீர், எப்போதாவது தொழிற்சாலைக் கழிவுநீர் என்று எல்லாம் வரும். தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளக்க மேசைமேல் இருக்கும் பிஹெச் மீட்டர் சாதாரண டிஜிட்டல் ரகம். பல வருடமாக ஓடுகிறது. அந்தப் பெட்டியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தொல்லை கொடுப்பதெல்லாம் தண்ணீரில் முக்கும் எலக்ட்ரோடும், மீட்டரைச் சரிபார்க்கும் பிஹெச் தெரிந்த கரைசலான பஃபரும், எலக்ட்ரோடு கேபிளை மாட்டும், யாரும் எட்டிப் பார்க்காத பின்பக்கக் கனெக்டரும்தான்.

கனெக்டரைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் அதையே முதலில் சொல்கிறேன். எலக்ட்ரோடு நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழின் மின்தடை நூறு மெகாஓம் அளவுக்கு வரும். அதைத் தாண்டி வரும் சில மில்லிவோல்ட்டைத்தான் மீட்டர் அளக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் இங்கே சுவரே வியர்க்கும். அந்த உப்பு ஈரம் கனெக்டருக்குள் படிந்தால் சிக்னல் அந்த வழியாகக் கசிந்துவிடும். எந்தப் பஃபரில் வைத்தாலும் ரீடிங் 7 பக்கமாகச் சாயும், ஸ்லோப் (ஒரு பிஹெச் அலகுக்கு எலக்ட்ரோடு தரும் மில்லிவோல்ட்) குறையும். எலக்ட்ரோடு போய்விட்டது என்று அவசரப்பட்டுப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டினாலே பாதி நேரம் சரியாகிவிடும். சந்தேகம் தீரவில்லையா? எலக்ட்ரோடைக் கழற்றுங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து, மீட்டர் சாக்கெட்டின் நடு ஓட்டையையும் வெளி வளையத்தையும் இணையுங்கள். திரையில் 0 மில்லிவோல்ட் பக்கமாக வந்து அசையாமல் நின்றால் மீட்டரின் பூஜ்யம் சரி, இனி எலக்ட்ரோடையும் கேபிளையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் மீட்டர் பக்கத்தில் சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும்.

காலிபரேஷன், அதாவது பஃபரில் வைத்து மீட்டரைச் சரிசெய்வது, தினமும் காலையில். முதலில் 7 பஃபர், அப்புறம் சாம்பிளைப் பொறுத்து 4 அல்லது 10. போர் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேலேதான் வரும், அதற்கு 7-ம் 10-ம் போட்டால்தான் அர்த்தம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 6.5 முதல் 8.5 வரை. 8.4 வருகிற தண்ணீரை 8.6 என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு எவ்வளவு அலைச்சல்!

மீட்டர் 'ஓகே' காட்டியதும் விட்டுவிடாமல் ஸ்லோப்பையும் நோட்டில் எழுதுங்கள். 25 டிகிரியில் ஒரு பிஹெச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பது நூறு சதவீதம். 95-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 90-ஐ நெருங்கினால் சுத்தம் செய்து பார்க்க வேண்டும், அப்போதும் ஏறாவிட்டால் எலக்ட்ரோடுக்கு விடை கொடுக்க வேண்டியதுதான். 7 பஃபரில் மில்லிவோல்ட் பூஜ்யத்திலிருந்து முப்பதுக்கு மேல் விலகினாலும் அதே கதை. தேதிவாரியாக எழுதிய நோட்டு இருந்தால் எலக்ட்ரோடு கிழடாகிக்கொண்டு வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறைக்கு இன்னொரு பாடம் உண்டு. 25 டிகிரியில் 10.01 இருக்கும் பஃபர், 30 டிகிரியில் 9.97 பக்கமாக இறங்கிவிடும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து அந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். ஏ.டி.சி. (மீட்டரின் தானியங்கி வெப்பத் திருத்தம்) இருக்கிறதே என்பார்கள். அது எலக்ட்ரோடின் ஸ்லோப்பை மட்டுமே வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தும், தண்ணீரின் பிஹெச்சே சூட்டில் மாறுவதை அது திருத்தாது. அதனால் ரிப்போர்ட்டில் வெப்பநிலையையும் எழுதிவிடுகிறோம். 10 பஃபர் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு இறங்கும் என்பதால், பீக்கரில் ஊற்றியதை மறுபடி பாட்டிலில் ஊற்றவே கூடாது.

ஆர்.ஓ. தண்ணீர்தான் பொறுமையைச் சோதிப்பது. "என்ன சார், இப்பதான் 6.1ன்னு காட்டுச்சு, அதுக்குள்ள 6.4 ஆயிடுச்சே?" என்று பக்கத்தில் நின்று பார்க்கும் கேன் தண்ணீர்க்காரர் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். அதில் உப்பு ரொம்பக் குறைவு, எலக்ட்ரோடுக்குப் பிடிமானம் கிடைக்காமல் ரீடிங் அலையும். சுத்தமான பொட்டாசியம் குளோரைடு துளி சேர்த்து, மெதுவாகக் கலக்கி, நின்ற பிறகு எடுக்கிறோம்.

எலக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடுவது பல லேப்களில் இருக்கும் பழக்கம். அது எலக்ட்ரோடுக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுத்து ஆயுளைக் குறைக்கும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில்தான் வைக்க வேண்டும். மூடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பயம் வேண்டாம், அது உப்புதான், கழுவினால் போய்விடும். அளக்கும்போது எலக்ட்ரோடில் கரைசல் நிரப்பும் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து வையுங்கள். குமிழை டிஷ்யூவால் தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும்.

சுத்தம் செய்வதற்கு எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்து கிடையாது. போர் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவுக்கு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இறால் குட்டைச் சாம்பிள் விட்டுப்போகும் புரதப் பிசுக்குக்கு அதே அமிலத்தில் பெப்சின். சல்பைடு உள்ள கழிவுநீரில் ஜங்ஷன் (எலக்ட்ரோடின் உள்கரைசல் சாம்பிளைத் தொடும் நுண்துளைப் பகுதி) கறுத்துப்போனால் தயோயூரியா கலந்த அமிலம், அதற்குக் கையுறை கட்டாயம். எதில் கழுவினாலும் பிறகு பொட்டாசியம் குளோரைடில் நன்றாக ஊறவைத்துவிட்டுத்தான் காலிபரேஷன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: எங்களைப் போலக் கலவையான சாம்பிள் வருகிற இடத்துக்கு ஜெல் அடைத்த எலக்ட்ரோடைவிட, கரைசல் நிரப்பும் கண்ணாடி ரகமே மேல். பராமரிப்பு கூடுதல்தான், ஆனால் அழுக்கடைந்த கரைசலை மாற்றி மீட்டெடுக்க முடியும். ஸ்பேர் என்று இரண்டு மூன்றாக வாங்கி அடுக்க வேண்டாம், பெட்டியில் சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகும். கடையில் கேட்க வேண்டியது விலைக்கு முன்னால் தயாரிப்புத் தேதியை.