மாங்கூழ் ஆலை அலுவலகத்தில் பிராக்ஸ்மாக்ஸ் விஇ: பிரிட்ஜ் இணைப்பை முன்வைத்து ஒரு மதிப்புரை

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் அலுவலகங்களில் கணினிப் பணியின் சுமையை மாங்காய் வரத்தே தீர்மானிக்கிறது. பருவம் தொடங்கிவிட்டால் எடைமேடை, கணக்குப் பிரிவு, கிடங்கு ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒரே கணக்குக் கோப்பை ஒரே நேரத்தில் திறந்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில், கணக்கு மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ், கோப்புச் சேமிப்புக்கு ஒரு லினக்ஸ் என இரண்டு மெய்நிகர் கணினிகளை (ஓர் உண்மைக் கணினிக்குள் மென்பொருளால் தனித்தனியாக இயங்குபவை) ஒரே பெட்டியில் இயக்குவதற்காக நான் நிறுவிப் பராமரித்து வரும் மென்பொருள் பிராக்ஸ்மாக்ஸ் விஇ. அதன் வசதிகள் பல; ஆனால் மெய்நிகர் கணினிகளை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் நெட்வொர்க் பிரிட்ஜை அது கையாளும் விதத்துக்காகவே சிறிய அலுவலகங்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன்.

இதே வகை மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் புதிய மெய்நிகர் கணினியை உருவாக்கினால் அது இயல்பாக நாட் முறையில், அதாவது தன்னைத் தாங்கும் கணினியின் (ஹோஸ்ட்) முகவரிக்குப் பின்னால் மறைந்து, அமைகிறது. லினக்ஸில் அதே வேலைக்கான லிப்விர்ட் நிறுவினாலும் 192.168.122 என்று தொடங்கும் தனி முகவரி வரிசைக்குள் மெய்நிகர் கணினி ஒதுங்கிவிடுகிறது. உள்ளிருந்து இணையத்தை அடைய இது போதும். எடைமேடைக் கணினி அந்த விண்டோஸை வெளியிலிருந்து தேடி வர வேண்டுமென்றால், ஒவ்வொரு போர்ட்டாக (ஒவ்வொரு சேவைக்குமான எண்) திருப்பிவிட வேண்டியிருக்கும். பிராக்ஸ்மாக்ஸோ நிறுவும்போதே விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜை அமைத்து, ஹோஸ்ட் கணினியின் நெட்வொர்க் கார்டை அதில் ஒரு போர்ட்டாக, அதாவது ஸ்விட்சில் கேபிள் செருகும் முனை போல, இணைத்துவிடுகிறது. ஹோஸ்டின் ஐபி முகவரி கார்டில் அல்லாமல் பிரிட்ஜின் மேல் அமர்கிறது. மெய்நிகர் கணினியை இயக்கியதும் அதற்கென டேப் எனப்படும் மெய்நிகர் நெட்வொர்க் இடைமுகம் ஒன்று உருவாகி, அதே பிரிட்ஜில் இன்னொரு போர்ட்டாகச் சேர்கிறது. அதன்பின் அந்த பிரிட்ஜ், மேசைமேல் இருக்கும் சாதாரண ஸ்விட்ச் செய்யும் அதே வேலையைத்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் செய்கிறது: எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, அதற்கேற்ப ஃபிரேம்களை (தரவுத் துண்டுகளை) அனுப்புகிறது. அலுவலக ரவுட்டர் மெய்நிகர் விண்டோஸைத் தனிக் கணினியாகவே கண்டு, அதற்கு நேரடியாக ஐபி முகவரி வழங்குகிறது. அந்த மேக் முகவரிக்கு நிலையான ஒரு ஐபியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிட்டால், பிரின்டரும் மற்ற கணினிகளும் அதை எப்போதும் ஒரே இடத்தில் காணும்.

விண்டோஸுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. மெய்நிகர் கணினிகளுக்கான வேகமான விர்ட்ஐஓ நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுத்தால், அதற்கான டிரைவரைத் தனி ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து நிறுவ வேண்டும். அதுவரை நெட்வொர்க்கே தென்படாது.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பழைய மடிக்கணினியை வைஃபை வழியாக ஹோஸ்டாக்க நினைப்பவர்களுக்கு இந்த பிரிட்ஜ் உதவாது. தன்னுடன் பதிவு செய்துகொண்ட கருவியின் மேக் முகவரியை அனுப்புநராகக் கொண்ட ஃபிரேம்களை மட்டுமே வைஃபை அணுகல் முனை ஏற்கும். அதன் பின்னால் நிற்கும் மெய்நிகர் கணினிகளின் வேறு மேக் முகவரிகளுக்கு அங்கே இடமில்லை. இது வைஃபை நெறிமுறையின் இயல்பே அன்றி மென்பொருளின் குறையன்று. ஆகவே ஈதர்நெட் கேபிள் இழுக்க வழியுள்ள இடத்தில்தான் இந்தப் பெட்டியை வைக்க வேண்டும்.

கண்காணிப்புக் கேமராக்களைப் பிரித்து வைக்க விரும்புவோருக்கு விலான் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகள்) வசதியும் பிரிட்ஜ் அமைப்பிலேயே ஒரு தெரிவுப்பெட்டியைக் குறித்தால் கிடைக்கிறது; நெட்வொர்க் கார்டு எதுவும் இணைக்காத இரண்டாவது பிரிட்ஜை உருவாக்கினால், வெளியுலகம் தொடாத சோதனை நெட்வொர்க்கும் தயார். ஆனால் செயலிகளைத் தனித்தனிப் பெட்டகங்களில் இயக்கும் டாக்கரை ஹோஸ்டிலேயே நேரடியாக நிறுவ வேண்டாம். அது ஃபயர்வால் விதிகளை மாற்றும்போது பிரிட்ஜ் வழியாகச் செல்லும் போக்குவரத்தும் தடைபடக்கூடும். டாக்கர் தேவையென்றால் அதற்கென ஒரு மெய்நிகர் கணினியை ஒதுக்குவதே முறை.

சந்தா இல்லாமலேயே எல்லா வசதிகளையும் பயன்படுத்தலாம். உள்நுழையும்போது சந்தா இல்லை என்ற அறிவிப்பு வரும். புதுப்பிப்புகளைப் பெற, சந்தா தேவைப்படாத மென்பொருள் களஞ்சியத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சிறு ஆலைகளுக்கு இது பெரிய உதவி.

என் மனத்தில் மிகுந்த எச்சரிக்கையை ஏற்படுத்துவது வேறொன்று. உலாவியில் 8006 போர்ட்டில் திறக்கும் நிர்வாகப் பக்கமும் அதே விஎம்பிஆர்0 வழியாகவே வருகிறது. புதிய பிசிஐ கார்டு செருகினாலோ, சில கெர்னல் மேம்படுத்தல்களுக்குப் பிறகோ, லினக்ஸ் நெட்வொர்க் கார்டின் பெயரை மாற்றிவிடுவதுண்டு. பிரிட்ஜோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். மெய்நிகர் கணினிகளோடு நிர்வாகப் பக்கமும் சேர்ந்து மறைந்துவிடும். அப்போது பெட்டியின் முன் அமர்ந்து, நெட்வொர்க் அமைப்புகள் உள்ள இன்டர்ஃபேசஸ் கோப்பில் பிரிட்ஜின் போர்ட் பெயரைத் திருத்துவதைத் தவிர வழியில்லை. எனவே ஒரு மானிட்டரும் விசைப்பலகையும் அந்தப் பெட்டிக்கு அருகிலேயே இருக்கட்டும்; கார்டு மாற்றுவது, பதிப்பை உயர்த்துவது போன்ற வேலைகளை மாங்காய் வரத்து ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.