மறுவிற்பனைக்கு மின் டர்ட் பைக்: எந்த ஆலையிடம் வாங்குவது?

பிரிட்டனில் பண்ணை நிலங்களிலும் தனியார் தடங்களிலும் ஓட்டுவதற்கான மின் டர்ட் பைக்குகளை இறக்குமதி செய்து விற்கும் சிறு கடை ஒன்றின் கொள்முதலை மூன்று ஆண்டுகளாக நான் கவனித்துவருகிறேன். இந்தக் காலத்தில் சீனாவின் சோங்சிங் நகரத்துப் பெயர்பெற்ற நிறுவனங்கள், செஜியாங் மாகாணத்து யோங்காங் நகரில் வாங்குபவரின் பெயரையே ஒட்டித் தரும் சிறு ஆலைகள், ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் என மூன்று தரப்பினரின் விலைப்பட்டியல்களும் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. மறுவிற்பனையாளர் என்ற முறையில் இந்த மூவரையும் இங்கே மதிப்பிடுகிறேன். ஓட்டும் சுகத்தைப் பற்றி வேறு பலர் எழுதிவிட்டார்கள்.

லிஃபான், லோன்சின், சோங்ஷென் போன்ற பெட்ரோல் மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் வளர்ந்த ஊர் சோங்சிங். வார்ப்படம், பற்சக்கரம், மின்கம்பித் தொகுப்பு எல்லாமே அங்கே உள்ளூரில் கிடைக்கும் என்பதால் சர்-ரான் நிறுவனத்தின் லைட் பீயும் டலாரியாவின் ஸ்டிங்கும் அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை. ஒரு காலத்தில் செக்வே என்ற பெயரில் விற்கப்பட்ட எக்ஸ்160, எக்ஸ்260 வண்டிகளும் சர்-ரான் செய்து கொடுத்தவையே. லைட் பீ, ஸ்டிங் இரண்டும் 60 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. லைட் பீயில் மோட்டாரிலிருந்து முதற்கட்டச் சக்தி பெல்ட் வழியாகவும், ஸ்டிங்கில் எண்ணெய் ஊற்றிய பற்சக்கரப் பெட்டி வழியாகவும் செல்கிறது. எங்களுக்கு இவற்றில் பிடித்த அம்சம் உதிரி பாகம். லீவர் முதல், மோட்டாருக்கான மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் வரை எதையும் மூன்றாம் தரப்பினரிடம்கூட வாங்கிவிடலாம்; பழுது பார்ப்பவர்களுக்கும் வண்டி பழகியிருக்கிறது. குறை என்னவென்றால், நாட்டுக்கு நாடு விநியோகஸ்தர்கள் இருப்பதால் புதிதாக வரும் சிறு கடைக்கு ஆலை நேரடியாகக் கதவைத் திறப்பது அரிது. விநியோகஸ்தரிடம் எடுத்தால் நமக்கு நிற்கும் லாபம் மெல்லியது. அதைத் தவிர்க்க நினைத்து, விநியோகஸ்தரைச் சுற்றிக்கொண்டு மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் போனால் உத்தரவாதம் யார் தலையிலும் ஏறாது.

யோங்காங் வேறு உலகம். சீனாவின் இரும்புச் சாமான் நகரம் என்று அறியப்படும் அவ்வூரில் ஏ.டி.வி. என்னும் கரடுமுரட்டு நிலத்துக்கான நான்கு சக்கர வண்டி, குழந்தைகளுக்கான சிறு டர்ட் பைக், மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் நெருக்கமாக இருக்கின்றன. நிங்போ துறைமுகமும் அதிகத் தொலைவில் இல்லை. சட்டகம் ஒரு கடையிலும் மோட்டார் இன்னொரு கடையிலும் வாங்கிப் பூட்டும் முறையே அங்கே பெரும்பாலும் வழக்கம். நம் பெயர், நம் நிறம், நம் ஸ்டிக்கர் எல்லாம் கேட்டபடி கிடைக்கும். விலையும் மனத்தை மயக்கும். நாங்களும் மயங்கினோம்.

பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆலையிடமிருந்து முதலில் ஒரு மாதிரி வண்டி வந்தது. 72 வோல்ட், 40 ஆம்பியர்-மணி கொள்ளளவு என்று எழுதிய பேட்டரி, அதைச் சொன்னபடியே கொடுத்தது. பன்னிரண்டு வண்டிகளுக்கு ஆணை கொடுத்தோம். சரக்கு வந்த பிறகு ஒரு வாடிக்கையாளர் வண்டி சீக்கிரமே களைத்துவிடுகிறது என்றார். பேட்டரியைக் கழற்றித் தராசில் வைத்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது: மாதிரியின் பேட்டரி 15.3 கிலோ, இதுவோ 12.5 கிலோ. இதன் கணக்கு எளிது. பேட்டரிக்குள் இருக்கும் 21700 வகை உருளைச் செல் ஒன்று சுமார் 70 கிராம், 5 ஆம்பியர்-மணி. 72 வோல்ட்டுக்கு 20 செல்களைத் தொடராக இணைக்க வேண்டும். 40 ஆம்பியர்-மணிக்கு அப்படி எட்டு வரிசை. மொத்தம் 160 செல், வெறும் செல்லே 11.2 கிலோ. பெட்டி, கம்பி, காவல் மின்சுற்று எல்லாம் அதற்கு மேல். குறைந்திருந்த 2.8 கிலோ மிகச் சரியாக 40 செல்களின் எடை. அதாவது எட்டு வரிசைக்குப் பதில் ஆறு. முழுதாக மின்னேற்றி, தீரும்வரை மின்சாரத்தை வடித்து அளந்ததில் 29 ஆம்பியர்-மணிதான் வந்தது. ஆலையின் விற்பனைப் பிரதிநிதி, மறுப்பதற்குப் பதிலாக, அடுத்த ஆணையில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அடுத்த ஆணை என்று ஒன்று இல்லை.

ஆகவே யோங்காங்கையே ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் அங்கே ஓர் ஆலையிடம் வாங்குகிறோம். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்தது காகிதத்தை வைத்து. லித்தியம் பேட்டரியைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்ற யு.என். 38.3 என்ற ஐ.நா. பாதுகாப்புச் சோதனை கட்டாயம். உயர அழுத்தம், வெப்பம், அதிர்வு, மோதல், வெளிக் குறுஞ்சுற்று, மிகை மின்னேற்றம் முதலான எட்டுச் சோதனைகள் அதில் உண்டு. அதன் சுருக்க அறிக்கையைக் கேட்டால் தர வேண்டும் என்பதும் 2020 முதல் விதி. கேட்டவுடன் பல ஆலைகள் ஓர் அறிக்கையை அனுப்பிவிடும். திறந்து பார்த்தால் அது செல்லுக்கான அறிக்கையாக இருக்கும். கோத்துக் கட்டிய பேட்டரிக்குத் தனி அறிக்கை வேண்டும், அதிலுள்ள வோல்ட், கொள்ளளவு, மாதிரி எண் ஆகியவை வண்டியில் ஒட்டிய சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். நான் கேட்ட ஆறு ஆலைகளில் இரண்டே இதைத் தெளிவாகக் கொடுத்தன. ஐரோப்பிய விதிகளுக்கு ஒத்தது என்பதைக் குறிக்கும் சி.ஈ. முத்திரையை வைத்து முடிவெடுப்பதும் வீண். இத்தகைய வண்டிகளுக்கு அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே செய்துகொள்ளும் அறிவிப்பு. அதன் பின்னே இருக்கும் தொழில்நுட்பக் கோப்பைக் காட்டச் சொன்னால் எதிர்முனையின் மௌனமே பல நேரங்களில் பதில்.

ஐரோப்பாவை விரைவாகக் கடந்துவிடலாம். பார்சலோனாவின் ஸ்டார்க் ஃபியூச்சர் 2021இன் இறுதியில் அறிமுகப்படுத்திய வார்க், 80 குதிரைத்திறன் தரும் உண்மையான மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) வண்டி. எங்கள் வாடிக்கையாளரின் பணப்பைக்கு அது எட்டாது. மேற்கத்திய நிறுவனம் என்றால் நிலைத்திருக்கும் என்ற நினைப்பும் சரியில்லை. கலிஃபோர்னியாவின் ஆல்டா மோட்டார்ஸ் 2018இல் கதவடைத்தது. சுவீடனின் கேக் 2024 தொடக்கத்தில் திவாலானது. அவற்றை விற்றவர்கள் பாகத்துக்கு எங்கே போவது என்று யோசித்துப் பாருங்கள்.

அலிபாபா போன்ற தளங்களில் ஆலையைத் தேடுவோர் அங்குள்ள பதக்கங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். தங்க விநியோகஸ்தர் என்பது கட்டணம் செலுத்திப் பெறும் உறுப்பினர் தகுதி. நான் முதலில் கேட்பது வணிக உரிமச் சான்று: அதிலுள்ள 18 இலக்கப் பதிவு எண்ணைச் சரிபார்த்து, தொழில் வரம்பில் உற்பத்தி என்று எழுதியிருக்கிறதா, வெறும் வணிகமா என்று பார்க்கிறேன். பிறகு முன்னறிவிப்பில்லாமல் வீடியோ அழைப்பில் பேட்டரி கோக்கும் இடத்தைக் காட்டச் சொல்வேன். இடைத்தரகரிடம் வாங்குவது குற்றமில்லை, நல்ல தரகர் பல தலைவலிகளைத் தீர்ப்பார். தாமே ஆலை என்று சொல்லிக்கொள்ளும் தரகர்தான் ஆபத்து. வழக்கமான 30 சதவீத முன்பணம், ஏற்றுமதிக்கு முன் மீதி 70 என்ற ஏற்பாட்டில், அந்த 70ஐ அனுப்புவதற்கு முன் எஸ்.ஜி.எஸ். அல்லது ப்யூரோ வெரிட்டாஸ் போன்ற சுதந்திரமான ஆய்வாளரை ஆலைக்கு அனுப்புகிறோம். ஆய்வுப் பட்டியலில் எங்கள் முதல் வரி, எல்லாப் பேட்டரிகளையும் எடை போடுக என்பதே. பணம் தனிநபர் கணக்குக்குப் போக வேண்டும் என்று கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வந்தால், தொலைபேசியில் பேசி உறுதிசெய்யும்வரை நயா பைசா அனுப்புவதில்லை.

இப்போது வாங்கும் யோங்காங் ஆலை மலிவானதல்ல. ஆனால் ஒவ்வொரு ஆணையோடும் கண்ட்ரோலர், சார்ஜர், வேகம் காட்டும் திரை, பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் பேரிங் ஆகியவற்றை உதிரி பாகங்களாக ஒப்பந்தப்படி சேர்த்து அனுப்புகிறது, பேட்டரியின் வரிசை எண்களை விலைச்சீட்டிலேயே எழுதித் தருகிறது. சட்டகத்தின் கழுத்துப் பற்றவைப்பு இன்னும் சுத்தமாக இருக்கலாம். மழைக்குப் பிறகு திரையில் ஆவி படிவதும் முழுதாக நிற்கவில்லை. வசந்தகால விற்பனைக்கான ஆணையை இம்முறை அக்டோபரிலேயே கொடுத்துவிட்டோம். டிசம்பர்வரை தயங்கினால் சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஆலை வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும், அதன்பின் நிங்போவிலிருந்து சரக்கு பிரிட்டனின் ஃபீலிக்ஸ்டோ துறைமுகம் வந்துசேர்வதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போயிருப்பார்.