மெயில் சர்வருக்கு எந்த டிஸ்க்: நாஸ் பெட்டியா, டி.ஆர்.பி.டி.யா, செஃபா?

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் ஓர் அலுவலகம், பழைய நகரத்தார் வீட்டில். நாற்பது பேருக்கு மெயில். "ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எடுத்துக்கணும் தம்பி" என்றார் முதலாளி. சர்வர் இரண்டு வாங்குவது லேசு. மெயில் எந்த டிஸ்க்கில் உட்காரும் என்பதில்தான் வில்லங்கம்.

எல்லோரும் முதலில் சொல்வது நாஸ். இரண்டு சர்வருக்கும் பொதுவான ஒரு டிஸ்க் பெட்டி, இரண்டும் நெட்வொர்க்கில் என்.எஃப்.எஸ். என்ற முறை வழியாக அதைப் படிக்கும். ஆனால் அந்தப் பெட்டி படுத்தால் இரண்டு சர்வரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். ஒரு டிஸ்க் போனாலும் மற்றவை தாங்கும்படி சேர்த்து வைக்கும் ரெய்டு இருக்கிறதே என்பார்கள். டிஸ்க் போனால் ரெய்டு காப்பாற்றும், மதர்போர்டு போனால்? இன்னொன்று: ஒரே ஆளின் மெயில்பாக்ஸை இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் திறந்தால் மெயில்பாக்ஸைக் கவனிக்கும் மென்பொருளான டவ்காட்டின் இன்டெக்ஸ், அதாவது மெயில்களின் அட்டவணை, கெட்டுப்போகலாம். ஒரு ஆள் எப்போதும் ஒரே சர்வருக்குப் போகும்படி பிரித்துவிட முன்பு அதில் டைரக்டர் என்று ஒன்று இருந்தது. 2.4 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள், மெயிலை இன்னொரு சர்வருக்குப் பிரதி எடுக்கும் டவ்காட்டின் சொந்த ரெப்ளிகேஷனையும் சேர்த்து.

பல இயந்திரங்களின் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தரும் மென்பொருள் செஃப். அருமையான சரக்குதான். ஆனால் மூன்று இயந்திரமாவது வேண்டும், வழக்கமாக எதையும் மூன்று பிரதி வைக்கும். நாலு பேர் குடியிருக்க ஆயிரம் ஜன்னல் வீடு எதற்கு?

மிஞ்சியது டி.ஆர்.பி.டி. ஒரு சர்வரின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக மற்றதில் அப்படியே பிரதி எடுக்கும். 'சி' முறையில் வைத்தால், இரண்டு டிஸ்க்கிலும் எழுதி முடிக்காமல் "எழுதியாச்சு" என்று சொல்லாது. எனக்குப் பிடித்தது அதுதான். ஒன்று படுத்தால் மற்றது தானாகப் பொறுப்பேற்கும்படி வைத்து, சோதனைக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ள கேபிளைப் பிடுங்கினேன். இரண்டும் "நான்தான் பிரைமரி", அதாவது முதன்மை சர்வர், என்று தனித்தனியாக மெயில் வாங்க ஆரம்பித்தன. கேபிளைத் திரும்பச் செருகினால் சேர மறுத்தன. ஒரு பக்கம் எழுதியதைத் தூக்கிப் போட்டால்தான் சமாதானம்.

சரி, தானாக மாறவே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சர்வர் பதில் சொல்லாவிட்டால் அனுப்பும் பக்கம் மெயிலைத் தூக்கி எறிந்துவிடாது. நாலைந்து நாளாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்கிறது மெயில் அனுப்பும் முறையான எஸ்.எம்.டி.பி.யின் விதி. பத்து நிமிடத்தில் நானே கையால் மாற்றிக்கொள்கிறேன். ஒரு பெட்டி முகப்பை ஒட்டிய அறையில், மற்றது இரண்டாங்கட்டில். நடுவில் இப்போது இரண்டு கேபிள்.

அப்புறம் பேக்கப். தினமும் ராத்திரி தேவகோட்டையில் உள்ள ஒரு டிஸ்க்குக்குப் போகிறது. முதல் வாரமே கணக்குப்பிள்ளை ஒரு ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டார். டி.ஆர்.பி.டி. அதையும் சிரத்தையாக இரண்டு பக்கமும் அழித்தது. தேவகோட்டையிலிருந்துதான் மீட்டேன்.