ஏர் ரைஃபிளுக்கு வீட்டிலேயே கேமோ பெயின்ட்: சில மழைக்காலங்கள் கழித்து

கேமோ என்றால் சுற்றுப்புறத்தோடு கலந்து மறைக்கும் திட்டுத்திட்டான ராணுவ டிசைன். சென்னையில் கேமோ அடித்த ஏர் ரைஃபிளை வைத்துக்கொண்டு ஒளிய எந்தக் காடும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது வேட்டைப் பேச்சுக்கும் இடமில்லை. ஆக, அழகுக்காகத்தான் அடித்தேன். ஆனால் திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு அந்த பெயின்ட் செய்த உபகாரம் வேறு. பேரலில், அதாவது துப்பாக்கிக் குழாயில், துரு பிடிப்பது நின்றது.

என்னுடையது .177 அங்குலக் குண்டு போடும், 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியுள்ள, லைசென்ஸ் தேவைப்படாத வகை. பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் மாடல், தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை, அதாவது ஸ்டாக், பிளாஸ்டிக். பேரலில் வரும் அந்தக் கருநீல ப்ளூயிங் தனிப் பூச்சு கிடையாது; இரும்பின் மேற்பரப்பையே ஆக்ஸைடாக மாற்றியிருப்பார்கள். எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தால்தான் காப்பாற்றும். கொஞ்ச நாள் மறந்தால், வியர்த்த விரல் பட்ட இடத்தில் ரேகையோடு சேர்த்து செம்புள்ளி வந்துவிடும்.

ஸ்ப்ரே கேனால் அடிப்பதற்கு நான் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தேன். நவம்பர் ஈரத்தில் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் படிந்து பெயின்ட் வெளுத்துப்போகும். அக்னி நட்சத்திரத்தில் நேர் எதிர்ப் பிரச்சினை: துளி வந்து சேர்வதற்குள் பாதி காய்ந்து, மாவு தூவியதுபோல் சொரசொரவென்று நிற்கும். மொட்டை மாடி என்றால் கடல்காற்று ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். மாடியில் யாராவது வடாம் காயவைத்திருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

பெயின்ட் வாங்குவதுதான் அலைச்சல். ரஸ்ட்-ஓலியம், க்ரைலான் போன்ற அமெரிக்க கம்பெனிகள் இதற்கென்றே சுத்தமாகப் பளபளக்காத கேமோ வண்ணங்கள் விற்கின்றன. இங்கே இறக்குமதி விலையைப் பார்த்தால் மனசு வராது. பாரிமுனையில் மேட், அதாவது பளபளப்பில்லாத, கருப்பு சுலபமாகக் கிடைத்தது. மேட் காக்கி கேட்டால், "கிளாஸி இருக்கு சார், மேல மேட் கிளியர் அடிச்சுக்கங்க" என்றார் கடைக்காரர். சரி, நிறமில்லாத அந்த மேல்பூச்சை அடித்து அப்படியும் செய்யலாம். ஏன் எனக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு சொல்கிறேன். தேடினால் மேட் காக்கியும் கிடைக்கும்.

ஸ்டாக்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கலாம் என்பதால் அதைத் தொடவில்லை. அப்புறம் பிளாஸ்டிக் பிரைமர். மாஸ்கிங் டேப் ஒட்டுவதற்குத்தான் அடிப்பதைவிட அதிக நேரம் போனது: பேரல் வாய், மடங்கும் மூட்டு, ரப்பர் சீல், ட்ரிகர், ஸ்கோப் கண்ணாடி, அதன் திருகுகள், சீரியல் நம்பர். மூட்டுக்குள் பெயின்ட் போனால் மடக்கும்போது இழுக்கும். சீரியல் நம்பரை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள்.

டிசைனுக்கு ஸ்டென்சில் எதுவும் வாங்கவில்லை. காக்கி முழுக்க அடித்து, காய்ந்ததும் வெங்காய மூட்டை வலையை இழுத்துக் கட்டி, அதன் மேல் அங்கங்கே பழுப்பு. வலையை எடுத்தால் பாம்புத் தோல் மாதிரிக் கட்டம் விழுந்திருக்கும். கடற்கரையில் பொறுக்கிய சவுக்குக் கிளையை விரற்கடை இடைவெளியில் பிடித்துப் பச்சையை ஒரு வீச்சு. ஒட்டிப் பிடித்தால் ஓரம் கத்தி வெட்டியதுபோல் வரும், தள்ளிப் பிடித்தால் நிழல் மாதிரி மங்கும்; இரண்டும் கலந்திருப்பதுதான் கண்ணை ஏமாற்றுகிறது. நம் ராணுவம் 2022-இல் அறிமுகப்படுத்திய புது டிசைனைக் காப்பியடிக்க ஆசைப்படாதீர்கள். அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

இனி, எப்படித் தாங்கியது? முதலில் போனது பேரல் நுனி. ஒவ்வொரு முறையும் அங்கே பிடித்துத்தான் மடக்குகிறோம். உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு எட்டிப் பார்க்கிறது. அடுத்தது கன்னம் வைக்கும் இடம். பெயின்ட் உரியவில்லை, ஆனால் வியர்வையும் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து மேட் பூச்சைப் பாலிஷ் போட்டுவிட்டன. வெயிலில் அந்த இடம் மட்டும் மினுங்கும். மற்ற இடமெல்லாம் அடித்த மாதிரியே இருக்கிறது.

பெயின்ட் தொட்டால் ஒட்டவில்லை என்பதும் இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. உடனே ரைஃபிள் பெட்டியில் வைத்தால் உள்ளே இருக்கும் ஃபோமின் அச்சு அப்படியே பதியும். ஒரு வாரத்துக்கு மேல் மின்விசிறிக் காற்றில் மாட்டி வைத்தேன். சுத்தம் செய்யும் சால்வென்ட் ஒரு சொட்டு வழிந்தாலும் கேன் பெயின்ட் இளகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

துரு நின்றது என்றேன். பெயின்ட் சேதமில்லாத இடத்தில்தான். பெயர்ந்த இடத்தில் விட்டால் ஓரத்திலிருந்து உள்ளே புகுந்து கொப்பளம் கிளப்பும். அங்கே தேய்த்து, மூடியில் கொஞ்சம் அடித்துக்கொண்டு, இயர் பட்ஸால் தொட்டு வைத்தால் போதும். ஒற்றை நிறம் என்றால் ஒட்டுப் போட்டது தெரியும். கேமோவில் அதுவும் ஒரு திட்டு. கிளியர் வேண்டாம் என்பது இதனால்தான். அதன் மேல் தொட்டுவைத்தால் திட்டு தனியாகத் தெரிகிறது. செராகோட் என்ற செராமிக் பூச்சு இதைவிடப் பல மடங்கு உறுதி, சந்தேகமில்லை. ஆனால் வழக்கமான வகையை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும், அதற்கு ஸ்பிரிங், சீல் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். மாடியில் ஆகிற காரியமில்லை.

மர ஸ்டாக் வைத்திருப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். பெயின்ட் மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. அதற்கு ஆளிவிதை எண்ணெய் போதும். வாரன்டி ஓடிக்கொண்டிருந்தால் கம்பெனியைக் கேட்டுவிட்டு மாஸ்கிங் டேப்பைக் கையில் எடுங்கள்.