தூணும் தளமும் சேரும் இடத்தை வலுப்படுத்தும் வேலை: எங்கள் கிடங்கில் கண்டது

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் எங்கள் மளிகைக் கிடங்கு இருக்கும் கட்டடத்தில் உத்தரங்கள் கிடையாது. தளம் நேராகத் தூண்களின் மேல் அமர்ந்திருக்கிறது. குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயமாக நடக்கும் சோதனையின்போது, மாடியில் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்த இடத்துக்குக் கீழே மூன்று தூண்களின் இணைப்பு அந்தப் பாரத்துக்குப் போதாது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தார். பாரம் மிஞ்சினால், அட்டையை ஆணி துளைப்பதுபோலத் தூண் தளத்தைத் துளைத்துவிடும்; பெரிதாகத் தொய்ந்து காட்டாமல் திடீரென்று நடப்பதுதான் இதில் அச்சம். 1995இல் தென்கொரியாவின் சோல் நகரில் இடிந்து 502 பேரைப் பலிகொண்ட சம்பூங் பேரங்காடியும் உத்தரமில்லாத கட்டடமே. நம் ஊரில் இந்தச் சோதனை சட்டமானது, 1986இல் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் மாண்ட பிறகு. அந்த ஹோட்டலை வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்று அப்பா இன்றும் வருத்தத்தோடு சொல்வார்.

தூணின் தலையைக் கான்கிரீட்டால் பருக்க வைத்தால் ஃபோர்க்லிஃப்ட் போக உயரம் குறையும் என்பதால், தளத்தின் அடியிலிருந்து தூணை நோக்கி 45 பாகை சாய்வில் துளையிட்டு, எபாக்சியில் (இரண்டு பாகங்கள் கலந்து இறுகும் பசை) எஃகுக் கம்பிகளைப் பதிக்கும் முறையை, வலுப்படுத்தும் வேலைக்கு நாங்கள் அழைத்த நிறுவனத்தார் பரிந்துரைத்தார்கள். விரிசல் எந்தச் சாய்வில் ஓடக்கூடுமோ அதை இக்கம்பிகள் குறுக்கே பிடித்துக்கொள்கின்றன.

வேலையின் தரம் முழுவதும் துளைக்குள் இருக்கிறது; பிறகு யாரும் அதைப் பார்க்க முடியாது. தளத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் கம்பிகளை ஸ்கேனர் வைத்துக் கண்டு சுண்ணக்கட்டியால் கோடு போட்ட பின்னரே டிரில்லைத் தொட்டார்கள். ஒவ்வொரு துளையையும் காற்றடித்து, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி காற்றடித்தார்கள். எபாக்சியின் முதல் பகுதியை ஓர் அட்டையில் பிதுக்கி எறிந்த புதுக்கோட்டைத் தம்பியிடம் காரணம் கேட்டேன். “ரெண்டும் கலந்து ஒரே நிறமா வரணும்ணே, அதுக்கு முன்னாடி வர்றது இறுகாது” என்றார். அந்தப் பொறுமைக்காகவே இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எபாக்சி சூட்டில் வலுவிழக்கும் என்பதால் கம்பித் தலைகளைத் தீத்தடுப்புப் பூச்சால் மூடியதும் சரியான செயல்.

குறையும் உண்டு. முட்டுக்கொடுத்த கம்பங்கள் சொன்ன நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக வழியை அடைத்தன. எந்தத் துளை எங்கே, எவ்வளவு ஆழம் என்ற வரைபடத்தை நான் இரண்டு முறை கேட்ட பிறகே தந்தார்கள். இவர்களை அழைப்பவர்கள், அந்த வரைபடம் கைக்கு வரும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.