ஃபெட்ச்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பெங்களூரில் சரக்கு விநியோக நிறுவனம் ஒன்றின் இணையச் செயலிக்கு முன்பக்க நிரல் எழுதுவது என் வேலை. சர்வரிடம் தகவல் கேட்டுப் பெறுவதற்கு ஜேகுவெரி என்ற நிரல் நூலகத்தை விட்டுவிட்டு, உலாவியிலேயே அமைந்துள்ள ஃபெட்ச் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதிக்கு எங்கள் குழு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2015-இலேயே இதைத் தந்துவிட்டபோதிலும், சஃபாரியில் வருவதற்கு 2017 ஆகிவிட்டதால், ஐபோன் வாடிக்கையாளர்களுக்காக இல்லாத வசதியை ஈடுசெய்யும் ஒரு பாலிஃபில் கோப்பையும் அதுவரை சுமக்க வேண்டியிருந்தது. நாள்தோறும் பயன்படுத்திய வகையில் என் கருத்து இதுதான்: கருவி நன்று, ஆனால் அது வெற்றி என்று கருதுவதும் நாம் வெற்றி என்று கருதுவதும் வேறு வேறு.

ஃபெட்ச் தரும் பிராமிஸ் (பின்னர் வரவிருக்கும் விளைவுக்கான உறுதிமொழிப் பொருள்), சர்வரிலிருந்து ஏதோ ஒரு பதிலின் தலைப்புப் பகுதி வந்து சேர்ந்தாலே நிறைவேறிவிடுகிறது. அந்தப் பதில் 404 (பக்கம் இல்லை) ஆக இருந்தாலும் 500 (சர்வர் பிழை) ஆக இருந்தாலும், பிழைகளைக் கையாளும் கேட்ச் பகுதிக்குப் போகாது. இணைப்பு அறுந்தாலோ வேறு தளத்தின் தகவலைப் பெறுவதைக் கட்டுப்படுத்தும் கார்ஸ் விதி தடுத்தாலோதான் அங்கே டைப்எரர் என்ற பிழை வரும். எனவே நிலைக்குறியீடு 200 முதல் 299 வரைக்குள் இருக்கிறதா என்பதை ரெஸ்பான்ஸ் என்ற பதில் பொருளின் ஓகே பண்பைக் கொண்டு நாமேதான் பார்க்க வேண்டும். இயல்பாகவே 2xx அல்லாதவற்றைப் பிழையாக்கித் தரும் ஏக்சியோஸ் என்ற நூலகத்தில் பழகிவந்தவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

அந்தச் சோதனையும் போதாது என்பதை ஓசூரிலிருந்து வந்துபோகும் சக பணியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும், மதிய உணவுக்குப் போய்த் திரும்பியதும் பக்கம் உடைந்துவிடுவதாகப் புகார்கள் வந்துகொண்டிருந்தன. அவர் உலாவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தபோது, அமர்வு காலாவதியானதும் சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புவதும், ஃபெட்ச் அந்தத் திருப்புதலைச் சத்தமில்லாமல் பின்தொடர்ந்து, 200 என்ற குறியீட்டுடன் ஒரு முழு எச்டிஎம்எல் பக்கத்தைக் கொண்டுவந்து தருவதும் தெரிந்தன. ஜேசன் என்ற தரவு வடிவத்தை எதிர்பார்த்த நிரல் முதல் எழுத்தான '<' குறியிலேயே முறிந்தது. இப்போது அமர்வு காலாவதியாகியிருந்தால், ஏபிஐ (நிரலுக்குத் தரவு தரும்) முகவரிகள் அனைத்தும் 401 (உள்நுழைவு தேவை) என்றே பதில் சொல்கின்றன. நாங்களும் பதிலின் வடிவத்தைச் சொல்லும் கன்டென்ட்-டைப் தலைப்பைப் பார்த்த பிறகே பிரித்துப் படிக்கிறோம். பதிலின் உடற்பகுதியை ஒருமுறைதான் படிக்க முடியும் என்பதால், முதலில் வெறும் உரையாக வாங்கி, பிறகு ஜேசனாக மாற்றுவதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. மாற்றம் தோற்றால் வந்தது என்ன என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்கலாம், உள்ளடக்கமே இல்லாத 204 பதிலும் தொல்லை தராது. ஜாவாஸ்கிரிப்ட் பிழையின்றிக் கையாளும் முழு எண் வரம்பான 9007199254740991-ஐத் தாண்டும் சரக்கு எண்களைச் சர்வர் எழுத்துச் சரமாகவே அனுப்ப வேண்டும். எண்ணாக அனுப்பினால் கடைசி இலக்கம் மாறிப்போகக்கூடும்.

பதில்கள் கேட்ட வரிசையில் வருவதில்லை என்பது அடுத்த தொல்லை. எங்கள் தேடல் பெட்டியில் 'கோரமங்களா' என்று தட்டச்சு செய்யும்போது, 'கோ' என்ற முதல் கேள்விக்கான நீண்ட பட்டியல் பிந்தி வந்து, முழுப் பெயருக்கான சரியான பட்டியலை அழித்துவிட்டு அமர்ந்துகொள்ளும். புதிய எழுத்து விழுந்ததும் அபார்ட் கன்ட்ரோலரைக் கொண்டு பழைய அழைப்பை ரத்துசெய்வதே இதற்கு வழி. ஆனால் அந்த ரத்தும் அபார்ட்எரர் என்ற பெயரில் கேட்ச் பகுதிக்கே வருவதால், அதைத் தனியே பிரிக்காவிட்டால் வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் சிவப்பு எச்சரிக்கைதான் தெரியும்.

காலவரம்பை ஃபெட்ச்சிடம் ஓர் எண்ணாகச் சொல்லிவிட முடியாது. அபார்ட்சிக்னலின் டைம்அவுட்டை நாமே இணைக்க வேண்டும். எம்.ஜி. ரோடு நிலையத்தைத் தாண்டி நம்ம மெட்ரோ சுரங்கத்துக்குள் இறங்கும்போது சிக்னல் எப்படி இருக்கும் என்பதைப் பயணிகள் அறிவார்கள். அலுவலக வைஃபையில் ஒருபோதும் தெரியாத குறைகளை நாங்கள் அங்கே பார்த்திருக்கிறோம். நேரம் கடந்துவிட்டது என்றால் பதில் வரவில்லை என்று மட்டுமே பொருள். சர்வர் வேலையைச் செய்யவில்லை என்பதல்ல. ஆகவே தகவலைக் கேட்க மட்டும் செய்யும் கெட் அழைப்புகளைத் தயங்காமல் மீண்டும் அனுப்புகிறோம். ஆர்டர் பதிவுசெய்யும் போஸ்ட் அழைப்புக்கோ, முதல் முயற்சியின்போதே ஒரு தனிச் சாவியை உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே சாவியை அனுப்புகிறோம். சர்வர் அதை அடையாளம் கண்டு இரண்டாவது ஆர்டர் போடாமல் தவிர்க்கிறது.

இவை அனைத்தையும் ஒரே சிறு செயற்கூற்றில் அடக்கி, மற்ற நிரல்கள் ஃபெட்ச்சை நேரடியாக அழைக்கக் கூடாது என்று நிரலைத் தானாகச் சோதிக்கும் லின்ட் விதியும் வைத்திருக்கிறோம். ஒரே ஒரு விலக்கு உண்டு. விநியோகச் சான்றுக்கான புகைப்படம் எத்தனை விழுக்காடு ஏறியிருக்கிறது என்று காட்டுவதற்கு ஃபெட்ச்சில் நேரடி வசதி இல்லாததால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் 1999-இல் முதல் வடிவில் வந்த எக்ஸ்எம்எல்எச்டிடிபிரெக்வெஸ்ட் என்ற பழைய வசதிதான் அந்தப் பணியை இன்றும் எங்களிடம் செய்துகொண்டிருக்கிறது. அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.