படிக்கட்டா, பாதையோரமா? ரியோ சம்பா அணிவகுப்பை எங்கிருந்து பார்க்கலாம்

ரியோ டி ஜெனிரோ கார்னிவலுக்குப் போகிறவர்களுக்கு முதல் குழப்பமே எங்கே உட்காருவது என்பதுதான். ஆஸ்கர் நீமாயர் வடிவமைத்து 1984இல் திறக்கப்பட்ட சம்பாட்ரோம் என்ற அணிவகுப்பு அரங்கில், சுமார் 700 மீட்டர் பாதையின் இருபுறமும் உட்காரலாம். உயரத்தில் கான்கிரீட் படிகள்; அங்கே அதற்கு அர்கிபங்காடா என்று பெயர். கீழே பாதையை ஒட்டி, பெட்டிக்கு ஆறு பேராக உட்காருவது ஃப்ரீசா. 2025இல் திங்கள் இரவுக்குப் பத்தாம் பிரிவில் படிகளுக்கு டிக்கெட் எடுத்தேன். மறுநாள் இரவு, தெரிந்தவர் ஒருவர் புண்ணியத்தில் ஃப்ரீசாவில் ஒரே ஒரு சம்பா பள்ளியை, அதாவது போட்டியிடும் குழுக்களில் ஒன்றை, பார்த்தேன். அதனால் ஃப்ரீசா பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

விலையும் வசதியும் தெரிந்த கதைதான். படி மலிவு, ஆனால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை. ஒன்பதாம் பிரிவைத் தவிர இருக்கை எண் கிடையாது, சீக்கிரம் போய் இடம் பிடிக்க வேண்டும். மழை வந்தால் இரண்டு இடத்திலும் நனையத்தான் வேண்டும்.

ஃப்ரீசாவில் கிடைப்பது முகங்கள். அன்று கடைசியாக வந்த போர்ட்டெலா பள்ளிதான் அது. அகலப் பாவாடை சுழல வரும் மூத்த பெண்களை, பையானாக்களை, கை நீட்டினால் தொடும் தூரத்தில் பார்த்தேன். ஒரு அம்மாவின் கன்னத்தில் ஜிகினா வியர்வையோடு வழிந்துகொண்டிருந்தது. அவர் பாட்டை ஒரு சொல்லும் விடாமல் பாடிக்கொண்டே போனார். அது மறக்காது. ஆனால் அலங்கார வண்டி வந்ததும் முன்னால் ஒரு சுவர் எழுந்த மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்றே தெரியவில்லை.

எனக்குப் படியே மேல் என்று தோன்றியது இங்கேதான். சம்பா பள்ளி என்பது பாடம் நடத்தும் இடம் இல்லை, ஒரு பேட்டை மக்களின் சங்கம். ஆண்டுக்கு ஒரு கதையை எடுத்து, ஆயிரக்கணக்கானவர்களை நடக்கவிட்டுச் சொல்கிறார்கள். ஒரே உடை போட்ட ஒவ்வொரு கூட்டமும் அந்தக் கதையில் ஒரு வரி. முந்தின வரியும் அடுத்த வரியும் சேர்ந்து தெரிய உயரம் வேண்டும்.

அப்புறம் பத்தேரியா, அதாவது மேளக்குழு. 200 பேருக்கு மேல் இருப்பார்கள். ஒன்பதாம், பதினோராம் பிரிவுகளுக்கு நடுவே அவர்களுக்கென்று ஓர் ஒதுக்கிடம் உண்டு. குழுத் தலைவர் கையைத் தூக்கி விசில் ஊதியதும், தம்போரிம் என்ற சின்ன மேளம் அடிப்பவர்கள் முதல் பெரிய சுர்டோ மேளக்காரர்கள் வரை அடி தவறாமல் திரும்பி உள்ளே போகிறார்கள். அந்த நொடியில் பாதையில் பெரிய இடைவெளி விழும். பின்னால் வரும் கூட்டம், ஓடுவது தெரியாமல், ஆடிக்கொண்டே அதை நிரப்ப வேண்டும். தவறினால் நடுவர்கள் புள்ளியைக் குறைப்பார்கள். பட்டமோ பத்தில் ஒரு பங்குப் புள்ளியில் கைமாறக்கூடியது. திங்கள் இரவு பெய்ஜா-ஃப்ளோர் பள்ளி வந்தபோது அந்த இடைவெளி மூடுவதை மேலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஐம்பது ஆண்டு அவர்களுக்காகப் பாடிய நெகீன்யோவின் கடைசி அணிவகுப்பு அது. படிகளில் என்னைச் சுற்றி எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள். கார்னிவல் முடிந்து வரும் சாம்பல் புதனன்று அவர்களுக்கே பட்டம், பதினைந்தாவது முறையாக.

முழங்கால் வலி உள்ளவர்களைப் படியேறச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஃப்ரீசாதான் சரி. கையில் காசு குறைவு என்றால், கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் அதே பாதையில் நடக்கும் ஒத்திகைகள் இலவசம். வண்டிகளும் முழு உடையும் இருக்காது, பாட்டும் மேளமும் உண்டு.

அடுத்த முறை போனால், போட்டி இரவுக்கு மறுபடியும் பத்தாம் பிரிவுப் படிதான். கார்னிவலுக்கு அடுத்த சனிக்கிழமை, முதல் ஆறு இடம் பிடித்த பள்ளிகள் திரும்ப வரும் வெற்றி அணிவகுப்பை நான் பார்த்ததில்லை. அன்று நடுவர்கள் புள்ளி போடுவதில்லை. அந்த ஓர் இரவுக்கு மட்டும் ஃப்ரீசாவுக்குக் காசு சேர்த்து வைக்கலாம் என்று இருக்கிறேன்.